71 இந்தியா-பாகிஸ்தான் சண்டைக்குப் போன தாத்தா அதப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கறார், எப்படி பேச வைக்கிறது?

தம்பி, கேட்டா "அதெல்லாம் எதுக்குப்பா"ன்னு தாத்தா எழுந்து போயிடறார்னு எழுதியிருக்கீங்க. எனக்கு 78 ஆகுது, நானும் அப்படி எழுந்து போற ஆளுதான், அதான் பதில் சொல்றேன்.

நீங்க என்ன கேட்டிருப்பீங்கன்னு தெரியும். "எத்தன பேர சுட்டீங்க தாத்தா?" எங்க வீட்டுப் பசங்களும் அதத்தான் கேட்டாங்க. நான் ஒருத்தரையும் சுடல. நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்து இன்ஜினியர் பிரிவு, பெங்களூர்ல அல்சூர் ஏரி பக்கத்து சென்டர்ல டிரெய்னிங் முடிச்சவன். பாலம் போடறது, ரோடு போடறது, கண்ணிவெடி எடுக்கறது, இதான் வேலை. 71 டிசம்பர்ல பாகிஸ்தான் எல்லைக்குள்ள ஷக்கர்கட் பக்கம் பசந்தர் ஆத்தாண்ட இருந்தோம். டாங்கி அக்கரைக்குப் போகணும், நடுவுல பூரா கண்ணிவெடி. ராத்திரில, மேல ஷெல் விழுந்துகிட்டே இருக்கும்போது வழி பண்ணி ரெண்டு பக்கமும் வெள்ள நாடா கட்டணும்.

குப்புற படுத்துகிட்டு கம்பியால மண்ண குத்திப் பாக்கணும். நேரா குத்தக்கூடாது, வெடியோட தலை அமுங்கிடும். சாய்ச்சு குத்தினா பக்கவாட்டுல போய் இடிக்கும். கல்லுல இடிச்சா ஒரு மாதிரி, வெடில இடிச்சா ஒரு மாதிரி, அது வெரலுக்குத்தான் தெரியும். ஆனா அந்தக் குளிர்ல வெரல் மரத்துப் போயிடும், வாயில வெச்சு சூடு பண்ணிகிட்டு மறுபடி குத்துவோம், அந்த மண்ணு ருசி இன்னும் நாக்குல இருக்கு. டாங்கிக்கு வெக்கிற வெடி ஆள் மிதிச்சா சாதாரணமா வெடிக்காது, ஆளுக்குன்னு வெக்கிறது சின்னது, கால் வெச்சா போச்சு.

எனக்கு இடது பக்கம் படுத்திருந்தவன் எங்க செட்டு பையன், திருநெல்வேலிக்காரன். நாடா எடுக்க ரெண்டடி தள்ளி நகர்ந்தான், கால் போச்சு. அவன் மிதிச்சது நான் குத்திப் பாத்து முடிச்ச இடமா, இன்னும் பாக்காத இடமா? இருட்டு. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இத பேரனுக்கு என்னன்னு சொல்றது தம்பி?

பசந்தர்னா 21 வயசுல உயிர விட்ட டாங்கிப் படை ஆபீசர் அருண் கேத்ரபால், பரம்வீர் சக்ரா, எல்லாருக்கும் தெரியும், தெரியணும். நாங்க வழிய முழுசா முடிக்கறதுக்குள்ள அந்த டாங்கிங்க வெடிக்கு நடுவுல பூந்து போச்சு, அவ்ளோ தைரியம். ஆனா எங்க 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி, முன்னாடி நின்னு வெடி எடுக்க வெச்சவர், அந்தச் சண்டைலயே செத்தார், மகாவீர் சக்ரா குடுத்தாங்க. அவர் பேர் எத்தன பேருக்குத் தெரியும்?

சண்டைய பெருமையா பேசறேன்னு யாராவது வருவீங்க, சண்டை நல்லதுன்னு நான் எங்கயும் சொல்லல. சுடாதவன் என்ன சோல்ஜர்னு கேக்கறவங்க ஒரு ராத்திரி அந்த மண்ணுல படுத்துட்டு வந்து கேளுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நவம்பர் வந்தா பென்ஷனுக்காக உயிரோட இருக்கேன்னு பேங்க்ல போய் ரேகை வெக்கணும். போன வருஷம் மெஷின்ல நாலு தடவ வெரல அமுக்கிப் பாத்துட்டு, "ரேகை தேஞ்சு போச்சு, இன்னொரு நாள் வாங்க"ன்னு அந்தப் பையன் நிமிர்ந்துகூட பாக்காம சொல்றான், நான் ரெண்டு பஸ் மாறி போயிருக்கேன், உக்கார ஒரு நாற்காலி இல்ல. போன்ல முகத்த காட்டியே பதியலாம்னு என் பேத்தி சொல்றா, அப்புறம் எதுக்கு கிழவங்கள அலைய விடணும்?

சரி, உங்க தாத்தா விஷயம். சண்டைய கேக்காதீங்க. லங்கர்ல, அதான் ராணுவ சமையக்கட்டுல, என்ன போட்டாங்க, சப்பாத்தி பழக எத்தன மாசம் ஆச்சு, வீட்டு லெட்டர் எத்தன நாள்ல வரும், பக்கத்து கட்டில்ல யார் படுத்திருந்தாங்க, இத கேளுங்க. ஒரு பேர் வரும். அதுக்கு மேல அவரா சொன்னா கேட்டுக்கங்க, நிறுத்திட்டார்னா விட்டுடுங்க.

அந்தத் திருநெல்வேலிப் பையன் பொழச்சுகிட்டான், பூனாவுல செயற்கைக் கால் வெச்சாங்க. 84ல நான் பென்ஷன் வந்தப்புறம் அவன் ஊருக்குப் போனேன், அந்த ராத்திரிய கேட்டுடணும்னே போனேன். சாப்பாடு போட்டான், வயல காட்டினான், பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணதச் சொன்னான். வேணாம்னு சொல்லியும் கேக்காம அந்தக் காலோட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து ஏத்திவிட்டான். நான் கேக்கல, அவனும் சொல்லல.