ஆங்கில இலக்கணம் மனத்தில் நிற்க என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஆங்கில இலக்கணம் மனத்தில் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். விதிகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், தமிழோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். படிக்கிறேன், படிக்கிறாய், படிக்கிறாள் என்று தமிழில் ஆளுக்கு ஆள் விகுதி மாறும். ஆங்கில நிகழ்காலத்திலோ 'ஐ ரீட், யூ ரீட், தே ரீட்' எல்லாம் ஒன்றே; 'ஹி ரீட்ஸ், ஷி ரீட்ஸ்' போல ஒருமைப் படர்க்கையில் மட்டும்தான் வேறு. என் மாணவர்களின் நோட்டில் நான் அதிகம் சுழிப்பது விடுபட்ட இந்த 'எஸ்' என்ற ஓர் எழுத்தைத்தான்! 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று பேசிய பழக்கத்தில் 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபௌட்' சேர்ப்பார்கள், தேவையில்லை. புதுச் சொல்லைத் தன் வீட்டுச் செய்தி ஒன்றில் வைத்து வாக்கியமாக எழுதட்டும். உரைப்பத்தி வந்தால் முதலில் கேள்விகளைப் படித்துவிட்டு, விடை இருக்கும் வரியைப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். தினமும் 20 நிமிடம் போதும்.