புதுப் பிரதி மனசில ஒட்டேல்ல எண்டதுக்கு

திருகோணமலை உவர்மலையில நாலு பேர் சேர்ந்து நாடகம் வாசிக்கிறம், புதுப் பிரதி ஒண்டும் மனசில ஒட்டுதில்ல, எதை மற்றவைக்குச் சொல்றதெண்டும் விளங்கேல்ல எண்டு எழுதியிருந்தீங்கள். கண்ணால மட்டும் வாசிக்கிறீங்களோ? அதை விட்டிட்டு ஆளுக்கொரு பாத்திரமா எடுத்து சத்தமா வாசிங்கோ, பின்னேரம் டச் பே கடற்கரையில இருந்து வாசிச்சாலும் சரி, எங்க மூச்சு முட்டுது, எந்த மௌனம் கனக்குது எண்டு அப்பதான் பிடிபடும். பேரை மறைச்சிட்டு ஆர் கதைக்கினம் எண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ, எல்லாரும் ஒரே குரலில கதைச்சா நான் அந்தப் பிரதியை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

புதுசில சக்திதரன் எழுதின ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ எடுங்கோ. 2019ல சிட்னியில மேடையேறினது, இலங்கைத் தமிழ்க் குடும்பமொண்டின்ர நாலு தலைமுறைக் கதை, இங்கிலீசுதான் ஆனா தமிழும் சிங்களமும் உள்ள கேக்கும். 16 நடிகர் நடிச்ச பெரிய நாடகம், உங்களுக்கு மேடையேத்த ஏலாது, வாசிக்கக் கட்டாயம் வேணும். தமிழில எண்டா யாழ்ப்பாண நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின்ர ‘எந்தையும் தாயும்’, பிள்ளையள் வெளிநாட்டில, தாய் தகப்பன் இஞ்ச தனிய, புதுசில்லத்தான், ஆனா எங்கட ஒழுங்கையில இண்டைக்கும் நடக்கிறது.

மற்றவைக்குச் சொல்லேக்க கதைச்சுருக்கம் வேண்டாம், எத்தனை பேர் வேணும், எந்த இடத்தில உங்களுக்குத் தொண்டை அடைச்சது, அதைச் சொல்லுங்கோ.