ஆங்கிலத்தில் ‘பிகின்’ சொல்லோடு ‘இங்’ சேர்த்து எழுதினால் இரண்டு ‘என்’, ‘ஓப்பன்’ சொல்லுக்கு ஒன்றுதான். ஏன்?

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தமிழிலிருந்தே தொடங்குங்கள், பிள்ளை மறக்காது.

கல்லோடு எறி சேர்ந்தால் கல்லெறி, ‘ல்’ இரட்டிக்கிறது. பாலோடு ஆறு சேர்ந்தால் பாலாறு, இரட்டிப்பதில்லை. தனிக்குறிலை அடுத்த மெய்தான், உயிர் வரும்போது இரட்டிக்கும். ஆங்கிலத்தில் ‘ரன்’, ‘ஸ்டொப்’ போன்ற ஓரசைச் சொற்களும் அப்படித்தான்: ஓர் உயிரெழுத்து, பின்னே ஒரு மெய், அதன்பின் உயிரில் தொடங்கும் விகுதி என்றால் மெய் இரட்டிக்கும்.

சொல் நீண்டால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ‘பிகின்’ கடைசி அசையில் அழுத்தம், அதனால் இரண்டு ‘என்’. ‘ஓப்பன்’, ‘விசிட்’ முதல் அசையில் அழுத்தம், அதனால் ஒன்று. வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், காது காட்டிக்கொடுத்துவிடும். ‘ட்ராவல்’ போல ‘எல்’லில் முடியும் சொற்கள் விலக்கு: நாம் படிக்கும் பிரித்தானிய முறையில் இரண்டு ‘எல்’, அமெரிக்க முறையில் ஒன்று.

‘டைன்’ போல ஒலிக்காத ‘ஈ’யில் முடியும் சொல்லில், அந்த ‘ஈ’யை எடுத்துவிட்டு ‘இங்’ சேர்க்கவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில் ‘டைனிங்’ என்பதை இரண்டு ‘என்’ போட்டு எழுதியிருந்தார்கள். அதை ‘டின்னிங்’ என்றுதான் வாசிக்கவேண்டும். பொருள், ஓயாத இரைச்சல்! பிள்ளைகள் தினமும் பார்க்கும் பலகை, அதனால் மனது கேட்கவில்லை.

‘ஸ்டடி’யின் ‘வை’, ‘ஈடி’ சேரும்போது ‘ஐ’ ஆகும். ‘இங்’ சேரும்போது மாறாது, ஏனெனில் இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து வந்துவிடும்.