மார்பின் ஏற்பியும் ஒரு கழித்தல் கணக்கும்

அன்புள்ள ஐயா,

வலிநிவாரணிகள் பற்றிய கட்டுரையில், மார்பின் சென்று பிணையும் ஏற்பி 1973-இல் மூளைத் திசுவில் கண்டறியப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. ஏற்பியைப் பிரித்தெடுக்காமல், கதிரியக்க மருந்து திசுவில் ஒட்டியதை மட்டும் வைத்து அது இருப்பதாக எப்படிச் சொன்னார்கள்? மருந்து கொழுப்பிலும் கண்ணாடியிலும்கூட ஒட்டுமே?

எம்.

அன்புள்ள எம்.,

ஒட்டும், பல வேளைகளில் பெரும்பகுதி அங்கேதான் ஒட்டும். அதனால்தான் இச்சோதனையை இரண்டு குழாய்களில் செய்கிறார்கள். ஒன்றில், ஏற்பிகள் அமைந்துள்ள மூளைச் செல் சவ்வுகளின் கூழும் கதிரியக்க மருந்தும் இருக்கும். மற்றொன்றில் அவற்றோடு கதிரியக்கமற்ற மருந்தையும் பன்மடங்கு மிகுதியாகச் சேர்ப்பார்கள். ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், இரண்டாம் குழாயில் அவற்றைக் கதிரியக்கமற்ற மருந்தே பிடித்துக்கொள்ளும்; கொழுப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே அங்கே ஒட்டிய கதிரியக்கம் அப்படியே இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது ஏற்பியின் பங்கு.

மருந்தியலாளர் ஆவ்ரம் கோல்ட்ஸ்டீன் 1971-இல் இதைவிடக் கூரிய வழியைக் காட்டினார். லெவார்ஃபனாலும் டெக்ஸ்ட்ரார்ஃபனும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான மூலக்கூறுகள். முன்னது மார்பினைப் போல வலியடக்கும், பின்னது அடக்காது. கொழுப்புக்கு இரண்டும் ஒன்றே, ஏற்பிக்கு அல்ல. வழி சரிதான், ஆனால் அவருடைய மருந்தின் கதிரியக்கச் செறிவு குறைவாக இருந்ததால் அதிக அளவில் சேர்க்க வேண்டியிருந்தது, கிடைத்த வேறுபாடோ மொத்தப் பிணைப்பில் 2 சதவீதம் அளவே.

1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மார்பினின் செயலைத் தடுக்கும் மருந்தான நலோக்ஸோனில் ட்ரிட்டியம் எனும் கதிரியக்க ஹைட்ரஜனைச் செறிவாக ஏற்றி, அதை மிகச் சிறிய அளவில் பயன்படுத்தி, கூழைக் கண்ணாடி இழை வடிதாளில் உறிஞ்சி வடித்து, பனிக்குளிர்ந்த கரைசலால் விரைந்து கழுவினார்கள். எரிக் சைமனும் லார்ஸ் டெரேனியஸும் அதே ஆண்டில் தனித்தனியே இம்முடிவை எட்டினார்கள். கழுவும் வேகத்துக்குக் காரணம் உண்டு. பிரிகை மாறிலி (இது சிறிதாக இருந்தால் பிணைப்பு வலுவானது) 1 நானோமோலாராகவும் சேரும் வேகம் நொடிக்கு, மோலாருக்குப் பத்து லட்சமாகவும் இருந்தால், பிணைந்த மருந்தில் பாதி விடுபடச் சுமார் 11 நிமிடங்கள் ஆகும். அதே சேரும் வேகத்தில் மாறிலி 1 மைக்ரோமோலார் என்றால் ஒரு நொடிகூட ஆகாது, கழுவுவதற்குள் எல்லாம் போய்விடும். பிணைப்பு வலுவற்ற மருந்துகளுக்கு இம்முறை உதவாததன் காரணம் இதுவே.

உங்கள் ஐயத்துக்கு இன்னொரு வலுவான ஆதாரமும் உண்டு. இன்சுலின் டால்க் தூளில்கூட ஏற்பியில் பிணைவதைப் போலவே நிறைவுறும் வகையில், அதாவது ஓரளவுக்கு மேல் இடமில்லாமல் போகும்படி, பிணைவதைக் குவாட்ரகாசஸும் ஹாலன்பெர்க்கும் 1975-இல் காட்டினார்கள். ஆகவே கழித்தல் மட்டும் போதாது. பல மருந்துகளின் பிணைப்பு வலிமையும், உயிருள்ள திசுவில் அவற்றின் செயல் வலிமையும் ஒரே வரிசையில் அமைய வேண்டும்; கினிப்பன்றியின் குடலில் அவ்வரிசை பொருந்தியதையே நான் 1973-இன் முடிவுக்குக் கிடைத்த உண்மையான உறுதிப்பாடாகக் கருதுகிறேன். ஒட்டுவதையும் விடுவதையும் கதிரியக்கமின்றி நேரடியாகப் பதிவுசெய்யும் மேற்பரப்பு பிளாஸ்மோன் கருவிகள் இன்று இருந்தாலும், ஏற்பியைச் சவ்விலிருந்து பிரித்தால் அது குலைந்துவிடக்கூடும் என்பதால் வடிதாள் முறை இன்னும் வழக்கொழியவில்லை.

பிணைவது வேறு, செயல்படுத்துவது வேறு. நலோக்ஸோன் இறுகப் பிணைந்தும் ஏற்பியை இயக்குவதில்லை. குழாயில் சோடியம் உப்பைச் சேர்த்தால் மார்பின் போன்றவற்றின் பிணைப்பு தளர்வதையும் நலோக்ஸோனின் பிணைப்பு தளராமல் இருப்பதையும் பெர்ட்டும் ஸ்னைடரும் அன்றே கவனித்தார்கள். அந்தச் சோடியம் அமரும் இடம், 2014-இல் மார்பின் வகை மருந்துகள் பிணையும் ஏற்பிகளுள் ஒன்றான டெல்டா ஓபியாய்டு ஏற்பியின் படிக அமைப்பில் தெளிவாகத் தெரிந்தது.