அது வேறு கல்லாஸ், தம்பி

தம்பி, ஆறு வயது மகளோடு எஸ்தோனியத் தலைநகர் தாலின் வருகிறோம், எஸ்தோனிய மொழிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, "கல்வி அமைச்சர் கல்லாஸ்தான் முன்பு பிரதமராக இருந்தவரா?" என்றும்.

இல்லை. அது கயா கல்லாஸ். 2021 முதல் 2024 வரை பிரதமர். அவருடைய அப்பா சீம் கல்லாஸும் பிரதமராக இருந்தவர்தான். கல்வி அமைச்சர் கிறிஸ்டினா கல்லாஸ். கல்லாஸ் என்றால் எஸ்தோனிய மொழியில் 'கரை'. இங்கே நிறையப் பேருக்கு அந்தப் பெயர்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஒரு நாள் காலை, தாலின் ஹோபுயாமா டிராம் நிறுத்தத்தில் பெரிய சுவரொட்டிகள். நீலத்தில் 'இங்கே எஸ்தோனியர் மட்டும்', சிவப்பில் 'இங்கே ரஷ்யர் மட்டும்'. அப்போது நான் அரைகுறையாகத்தான் எஸ்தோனியம் வாசிப்பேன். அந்த 'மட்டும்' மட்டும் நன்றாகப் புரிந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். செய்தது யார் என்று பார்த்தால், கிறிஸ்டினா தலைமையில் 2018இல் தொடங்கிய 'எஸ்தோனியா 200' கட்சி. பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே மொழிவாரியாகத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைத்திருக்கிறோமே, அதைக் கண்ணில் குத்திக் காட்டத்தான் இப்படி என்றார்கள். ஊரே கொதித்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 5 சதவீதத்தைக்கூடத் தாண்டாமல் தோற்றார்கள்.

என்னைக் கேட்டால், சொன்ன விதம் மட்டம், சொன்ன விஷயம் சரி. கிறிஸ்டினா சும்மா பேசவில்லை. கட்சிக்கு வருமுன் நார்வா கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். நார்வாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழிதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யா.

2023 தேர்தலில் கட்சிக்கு 14 இடம் கிடைத்தது, ஏப்ரலில் இவர் கல்வி அமைச்சர் ஆனார். எல்லாப் பள்ளிகளும் எஸ்தோனிய மொழிக்கு மாற வேண்டும் என்ற சட்டம் 2022 டிசம்பரிலேயே நிறைவேறிவிட்டது. நடத்திக் காட்டும் தலைவலி இவருக்கு வந்தது. 2024 செப்டம்பரில் மழலையர் பள்ளி, 1ஆம் வகுப்பு, 4ஆம் வகுப்பு என்று தொடங்கினார்கள். அதற்கு முன் அதே ஆண்டு ஜனவரியில் சம்பளத்துக்காக ஆசிரியர் வேலைநிறுத்தம் வேறு. என் மகள் வீட்டில் இருந்தாள், நான் மீட்டிங் நடுவே தோசை வார்த்தேன்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். இங்கே ஒன்றாம் வகுப்பு ஏழு வயதில்தான், அதனால் ஒரு வருடம் கையில் இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக வீட்டு முகவரியைப் பதிவு செய்யுங்கள். மாநகராட்சிப் பள்ளியை அதை வைத்துத்தான் ஒதுக்குவார்கள். அதுவரை எஸ்தோனிய மழலையர் பள்ளியில் விடுங்கள். மூன்று மாதம் வாயே திறக்க மாட்டாள், பயப்படாதீர்கள். அப்புறம் உங்களைத் திருத்துவாள். தலைக்கு மேல் வளைகோடு போட்ட 'ஓ' ஒன்று உண்டு. அதை நான் 'ஓ' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, 'பாட்டு'ன்னு சொல்லு. கடைசில வர்ற அந்த 'உ'வ நீட்டு, அதான்" என்றாள் மகள்.