தெற்கில் எந்த ஊர்? – வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்

கேள்வி: அக்கா, நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் சாஃப்ட்வேர் வேலை, எனக்கு எச்-4 துணைவர் விசாவில் வேலை அனுமதி. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படிக்கிறார்கள். இங்கே வீடு வாங்குவது எட்டாக்கனி. தெற்கே போகலாம் என்று அலபாமாவில் ஹன்ட்ஸ்வில், டென்னசியில் சாட்டனூகா, தென் கரோலினாவில் கிரீன்வில், வட கரோலினாவில் கேரி என நாலு ஊரை எழுதி வைத்திருக்கிறோம். நீங்கள் இதில் மூன்று ஊரில் குடியிருந்தவர். எதைச் சொல்வீர்கள்?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: வீட்டு விலையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். எடிசனில் உட்கார்ந்து பார்த்தால் நாலு ஊருமே மலிவாகத்தான் தெரியும். கேரி மற்ற மூன்றைவிடக் கூடுதல், அவ்வளவுதான். எனக்குக் கவலை வேறு இடத்தில். உங்கள் கணவருக்கு இந்த வேலை போனால் அதே ஊரில் இரண்டாவது வேலை கிடைக்குமா? எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனபின் 60 நாள்தான் அவகாசம். எடிசனில் அப்படி ஆனால் ரயிலேறி நியூயார்க்கில் தேடலாம். வீடு மாற வேண்டாம், பிள்ளைகளின் பள்ளி மாற வேண்டாம். நடுத்தர ஊரில் அது நடக்காது. உங்கள் துறையில் அங்கே ஒரே ஒரு பெரிய நிறுவனம்தான் என்றால், வேலை போகும்போது ஊரும் சேர்ந்து போகும்.

ஹன்ட்ஸ்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் குடியேறிய ஊர் அது. இன்றும் அந்த ஊர்மேல் எனக்குப் பாசம் உண்டு. நெடுஞ்சாலையில் வரும்போது தூரத்திலேயே சாட்டர்ன் ராக்கெட்டின் முழு உருவம் நிமிர்ந்து நிற்பது தெரியும். 1960-ல் நாசா அங்கே மார்ஷல் விண்வெளி மையத்தைத் தொடங்கியது. நிலவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட்டை வடிவமைத்தது அங்கேதான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,15,006. பர்மிங்ஹாமைத் தாண்டி இப்போது அலபாமாவின் பெரிய நகரமே அதுதான். பள்ளிக்காக நம்மவர்கள் பெரும்பாலும் பக்கத்து மேடிசனில் வீடு பார்ப்பார்கள்.

ஆனால் அந்த ஊரின் சோறு ரெட்ஸ்டோன் ராணுவத் தளத்தைச் சுற்றித்தான் வேகிறது. அங்குள்ள வேலைகளில் பெரும்பகுதிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பலவற்றுக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸும், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதியும், வேண்டும். எங்கள் தெருவில் இருந்த ஒரு தம்பி, கெட்டிக்காரப் பையன், வேலை போனபின் அவனுடைய துறையில் விளம்பரங்கள் நிறையவே வந்தன. ஒன்றுக்குக்கூட அவனால் விண்ணப்பிக்க முடியவில்லை. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வீட்டைப் போட்டது போட்டபடி அட்லாண்டாவுக்குப் போனார்கள். குடியுரிமை வாங்கிவிட்ட பொறியாளர் குடும்பம் கேட்டால் ஹன்ட்ஸ்வில்லைத் தயங்காமல் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

சாட்டனூகா மலையும் ஆறும் சேர்ந்த ஊர். 1969-ல் நாட்டிலேயே மிக மோசமான காற்று இங்கேதான் என்று பெயர் வாங்கிய ஆலை நகரம், ஆற்றங்கரையைச் சீர்ப்படுத்தி, 1992-ல் பெரிய மீன் காட்சியகம் கட்டி மீண்டு வந்தது. ஊருக்குச் சொந்தமான மின்சார நிறுவனமே 2010-ல் தன் மின்கம்பி போகிற இடமெல்லாம் ஜிகாபிட் இணையம் கொடுத்தது. அதனால் கணவர் வேலை முழுக்க வீட்டிலிருந்தே என்றால் இந்த ஊர் சுகம். ஒன்று மட்டும் கவனியுங்கள். எச்-1பி-யில் வீட்டிலிருந்து வேலை செய்தாலும் புது ஊருக்குப் போகும் முன்பே நிறுவனம் விசா மனுவைத் திருத்திக் கொடுக்க வேண்டும். வக்கீலிடம் கேட்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளூரில் பெரிய நிறுவனங்கள் என்றால் இன்ஷூரன்ஸ் அலுவலகங்கள், 2011-ல் கார் தயாரிக்கத் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் ஆலை, மின்சார வாரியமான டி.வி.ஏ. அதற்கு மேல் தேட அட்லாண்டாதான், இரண்டு மணி நேரப் பயணம்.

கிரீன்வில் இப்போது என் ஊர். அதனால் கூடுதலாகப் புகழ்ந்துவிடக் கூடாது என்று பார்க்கிறேன். நகரம் சின்னது, 2020-ல் 70,720 பேர். மாவட்டத்தோடு சேர்த்தால் ஐந்தேகால் லட்சம். மிஷெலின் டயரின் வட அமெரிக்கத் தலைமையகம் இங்கே, பி.எம்.டபிள்யூ ஆலை ஸ்பார்ட்டன்பர்க் பக்கம், எரிவாயு டர்பைன் தயாரிக்கும் ஆலையும் உண்டு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவருக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. சாஃப்ட்வேர்காரருக்கு அவ்வளவு இல்லை.

உங்கள் நிலைமைக்கு நான் கேரியைத்தான் சொல்வேன். நான் குடியிருக்காத ஒரே ஊர் அது. ஆனால் தங்கை அங்கே இருப்பதால் தெருத் தெருவாகத் தெரியும். கேரிக்குப் பக்கத்திலேயே, ராலி, டர்ஹம், சாப்பல் ஹில் மூன்றுக்கும் நடுவில் 1959-ல் உருவான ஆராய்ச்சிப் பூங்காவில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருக்கின்றன. கேரியிலேயே எஸ்.ஏ.எஸ். என்ற பெரிய சாஃப்ட்வேர் நிறுவனம் இருக்கிறது. ஒரு வேலை போனால் அதே வீட்டிலிருந்து அடுத்த வேலைக்குக் கார் ஓட்டலாம்.

வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன், கேரி இருக்கும் வேக் மாவட்டத்தின் பள்ளிகளைப் பற்றி விசாரியுங்கள். அங்கே பல பள்ளிகள் ஆண்டு முழுக்க நடக்கும், 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை என்று சுற்றி வரும். இரண்டு மாதம் ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டில் இருந்துவிட்டு வருவது அந்தக் கால அட்டவணையில் கஷ்டம். அதோடு, ஆள் நிறைந்துவிட்ட பள்ளி என்றால் வீட்டு வாசலில் பள்ளி இருந்தாலும் புதிதாக வந்த பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள். அந்த முகவரியை மாவட்டப் பள்ளித் துறையிடம் கொடுத்து நேரடியாகக் கேளுங்கள்.

கிரீன் கார்டு வந்தபின் வேறு ஊர் பிடித்தால் அப்போது போய்க்கொள்ளலாம்.

கேள்வி: டென்னசியில் மாநில வருமான வரி இல்லை. பிறகு ஏன் யாராவது கரோலினாவில் வீடு வாங்குகிறார்கள்?
– டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்: சம்பளம் நல்ல சம்பளமாக இருந்தால் டென்னசி லாபம்தான், மறுக்கவில்லை. வட கரோலினாவில் 2026-ல் வருமான வரி 3.99 சதவீதம், தென் கரோலினாவில் அதைவிடக் கூடுதல். ஆனால் டென்னசி அந்தப் பணத்தைக் கடையில் வசூலிக்கிறது. சாட்டனூகாவில் பொதுவான விற்பனை வரி 9.25 சதவீதம், மளிகைக்கே 6.25 சதவீதம். மாதம் 800 டாலருக்கு அரிசி, பருப்பு, காய்கறி, பால் வாங்கும் குடும்பம் 50 டாலர் வரி கட்டும். தென் கரோலினாவில் மளிகைக்கு மாநில விற்பனை வரி கிடையாது. ஓய்வு பெற்று, சேமிப்பை எடுத்துச் செலவு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாட்டனூகாவில் வீடு தேடும்போது ஜாக்கிரதை. ஊரின் தெற்கு ஓரத்திலேயே ஜார்ஜியா எல்லை. வீட்டுத் தரகர் ரிங்கோல்டு பக்கம் அழகான வீட்டைக் காட்டுவார், விலையும் பிடித்துப்போகும். அங்கே குடியேறினால் நீங்கள் ஜார்ஜியாவாசி. வேலை சாட்டனூகாவில் இருந்தாலும் ஜார்ஜியாவுக்கு வருமான வரி கட்ட வேண்டும்.

தென் கரோலினாவில் நம்மவர்கள் தவறவிடுவது இன்னொன்று. நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் அதன் மதிப்பில் 4 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்து அந்தத் தொகைக்குச் சொத்து வரி போடுவார்கள், வாடகைக்கு விட்டால் 6 சதவீதத்தை எடுப்பார்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி நடத்தும் செலவுக்கான வரியிலும் விலக்கு உண்டு. இந்தச் சலுகை தானாக வராது, மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காத வீட்டுக்கு முதல் வரி ரசீது வந்தபோது அதிர்ந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு காருக்கும் முதல் முறை 250 டாலர் தனிக் கட்டணம்.

அலபாமாவில் சொத்து வரி நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. மளிகை மேல் மாநில வரி 4 சதவீதமாக இருந்ததை 2023-ல் 3, 2025-ல் 2 என்று இறக்கியிருக்கிறார்கள். நகர வரி அதற்கு மேல் தனி.

கேள்வி: அப்பா அம்மா ஆறு மாதம் வந்து இருக்கப் போகிறார்கள். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. எந்த ஊரில் அவர்களுக்குப் பொழுது போகும்?
– ஷார்லட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்தக் கேள்வியை வீடு வாங்கும் முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். தெற்கில் புதிதாக எழும் குடியிருப்புகள் பலவற்றில் வாசலைத் தாண்டினால் நடைபாதை கிடையாது. என் மாமனார் ஹன்ட்ஸ்வில்லில் எங்களோடு இருந்தபோது ஜன்னலோரம் நாற்காலி போட்டு, போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரில் காலையில் டீக்கடை வரை போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வரும் மனிதர் அவர். அதே மனிதர் தங்கை வீட்டுக்குப் போனபோது முகமே மாறிவிட்டது. கேரியில் வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. 2022-ல் அதற்கு 87 அடி உயரத்தில் ராஜகோபுரம் எழுப்பினார்கள். தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒரு கும்பகோணத்துக்காரர் அங்கே அவருக்குச் சிநேகிதரானார். மாலையில் பக்கத்து ஊரான மோரிஸ்வில் மைதானத்தில் கிரிக்கெட் பார்க்கப் போவார்கள். அமெரிக்காவின் மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்த மைதானம் அது. விமான வசதியையும் பாருங்கள். ராலியிலிருந்து ஃபிராங்பர்ட்டுக்கு லுஃப்தான்சா 2024-ல் நேரடி விமானம் தொடங்கியது. அங்கிருந்து சென்னை, ஒரே மாற்றம். சக்கர நாற்காலியில் வரும் பெற்றோருக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது அழைத்து வந்தவர்களுக்குத் தெரியும்.

கிரீன்வில்லில் பழைய ரயில் பாதையை 'ஸ்வாம்ப் ராபிட்' என்ற நடைபாதையாக்கி 20 மைலுக்கும் மேல் நீட்டியிருக்கிறார்கள். அதன் ஓரமாக வீடு கிடைத்தால் பெற்றோர் யாரையும் எதிர்பார்க்காமல் ரீடி அருவி வரை நடக்கலாம். முன்பு துணி ஆலைகளின் சாயம் கலந்து ஓடிய ஆறு, அருவியை மறைத்துக்கொண்டு மேலே நாலு வழிச் சாலைப் பாலம் வேறு. அதை இடித்துவிட்டு 2004-ல் நடைபாலம் கட்டினார்கள். அதன்மேல் நின்று அருவியைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சாட்டனூகாவில் ஆற்றங்கரை நடைபாதையும், நகர மையத்தில் காசில்லாத மின்சாரப் பேருந்தும் உண்டு. நம் முறைப்படியான கோயிலுக்கு அட்லாண்டா பக்கம் ரிவர்டேல், இல்லையென்றால் நாஷ்வில் கணேசர் கோயில். இரண்டும் வார இறுதிப் பயணம்தான்.

கேள்வி: தெற்கு மாநிலங்களில் நிறவெறி அதிகம் என்கிறார்களே, பிள்ளைகளோடு போகப் பயமாக இருக்கிறது.
– சியாட்டிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: பயம் நியாயமானது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டே வாருங்கள். 1960 ஜூலை 16-ல் கிரீன்வில் பொது நூலகத்துக்குள் போய்ப் படிக்க உட்கார்ந்த எட்டு கறுப்பின மாணவர்களைக் கைது செய்தார்கள். பின்னாளில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன் அவர்களில் ஒருவர், இந்த ஊர்ப்பிள்ளை. எல்லோரையும் உள்ளே விடுவதற்குப் பதில் நூலகத்தையே மூடினார்கள். பின் எதிர்ப்பு வலுத்ததும் அந்தச் செப்டம்பரிலேயே எல்லோருக்குமாகத் திறந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் போன்றவர்களின் போராட்டம் இல்லாமல், நம் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம் வந்திருக்காது, நாமும் இங்கே வந்திருக்க மாட்டோம். என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் நூலக அட்டை வாங்கிக் கொடுத்தேன்.

அன்றாட வாழ்க்கையில் நான் பார்த்தவரை, அக்கம்பக்கத்தார் வடக்கைவிட இங்கே அதிகம் பேசுவார்கள். குடியேறிய வாரமே 'எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?' என்று கேட்பார்கள். அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இங்கே அது ஊர் விசாரிப்பு. 'நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுவார்கள். வற்புறுத்துகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் பிள்ளை தனியாக இருந்தால் அது கூடுதலாக உறுத்தும். வகுப்பில் நம் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருக்கும் பள்ளியாகப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

கேள்வி: சூறாவளிக் காற்று எந்த ஊரில் குறைவு?
– ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நாலில் ஹன்ட்ஸ்வில்லில்தான் டொர்னாடோ பயம் அதிகம். 2011 ஏப்ரல் 27-ல் நாங்கள் அங்கே இருந்தோம். உயர் அழுத்த மின்கம்பிகள் முறிந்து ஊர் முழுக்க நாட்கணக்கில் இருட்டு. அங்கே போனால் ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்று உள்ள வீடாகப் பாருங்கள், வானிலை எச்சரிக்கை ரேடியோ ஒன்று கட்டாயம். கடலிலிருந்து தூரம் என்று கிரீன்வில்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இவ்வளவு உள்ளே வந்து மரங்களைச் சாய்த்தது, பல வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. வீட்டை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால், வாங்கும் முன் மரம் தெரிந்த ஆளைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

கேள்வி: முருங்கை வளருமா அக்கா?
– மினியாபோலிஸிலிருந்து ஒரு வாசகி

பதில்: கோடையில் ஆளுயரம் தாண்டும், கீரை தாராளம். குளிர்காலத்தில் நாலு ஊரிலும் உறைபனி விழும், தரையில் வைத்தால் கருகிவிடும். தொட்டியில் வைத்து நவம்பருக்குள் வீட்டுக்குள் எடுங்கள், கறிவேப்பிலையையும் அப்படியே. வெண்டைக்காயைப் பற்றிக் கவலையே வேண்டாம். இது வெண்டைக்காய் நாடு, எந்தக் கடையிலும் கிடைக்கும். சாலையோரத்தில் உப்புப் போட்டு வேகவைத்த நிலக்கடலையும் விற்பார்கள். தென் கரோலினாவில் அதுதான் மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத் தீனி.