ஒரிஜினலா, போலியா? சோல் இசைத்தட்டு வாங்குவோருக்கான கேள்வி–பதில்

1960-களில் டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகள் சோல் எனும் அமெரிக்கக் கறுப்பின இசைப் பாடல்களை 45 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 45 சுற்று) தட்டுகளாக வெளியிட்டன. பெரும்பாலானவை விற்கவில்லை. பத்தாண்டு கழித்து வட இங்கிலாந்தின் நடன அரங்குகள், குறிப்பாக 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோ, அந்த விற்காத தட்டுகளைத் தேடித் தேடி ஒலிக்கவிட்டன. 'நார்தர்ன் சோல்' என்ற பெயர் அந்த வட்டாரத்துக்குரியது. கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், தட்டோ ஐம்பது நூறுதான் இருந்தது. போலி பிறந்தது அந்த இடைவெளியில். 70-களில் அடித்த போலிகளுக்கே இன்று ஐம்பது வயது. பழுப்பேறிய காகிதமும் பழைய வாசனையும் இப்போது எதற்கும் சாட்சி ஆகாது.

கேள்வி: 1966-ஆம் ஆண்டு அமெரிக்கத் தட்டு ஒன்று 60 பவுண்டுக்கு வருகிறது. லேபிள் அச்சு அசலாக இருக்கிறது. வாங்கலாமா?

லேபிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேபிளைப் படமெடுத்து அச்சடிக்க ஓர் அச்சகம் போதும். போலி அடிப்பவர் கைக்கு எட்டாதது, அசல் ஆலையில் இருந்த உலோக அச்சு. அதன் தடயம் தட்டில் ஓர் இடத்தில் தெரியும். பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிள் விளிம்புக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையம்தான் அது. சேகரிப்பாளர்கள் ரன்-அவுட் என்பார்கள்.

தட்டை மேசையில் வையுங்கள். கைப்பேசி விளக்கை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், ஏறக்குறைய தட்டின் மட்டத்திலேயே பிடித்து, தட்டை மெல்லச் சுற்றுங்கள். கீறிய எழுத்துகளும் பதித்த முத்திரைகளும் எழுந்து தெரியும். அங்கே மேட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பக்கத்தின் அச்சுக்குரிய அடையாள எண், இருக்கும். கூடவே, பாட்டை முதல் தட்டில் பள்ளமாக வெட்டிய ஸ்டூடியோவின் அடையாளமோ ஆலையின் அடையாளமோ இருக்கலாம். அடிக்கடி கண்ணில் படுபவை சில:

சின்ன முக்கோணம் கீறி, அதையடுத்து ஐந்து இலக்க எண் இருந்தால், அது அமெரிக்க மேற்குக் கரையில் உருவான தட்டு. மறுபக்கத்தில் அதே எண்ணுடன் ஓர் எக்ஸ் சேர்ந்திருக்கும். லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் அடித்ததென்றால், வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற சிறு முத்திரையும் உண்டு. முக்கோண எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனவை. அதனால் ஆண்டு தெரிந்த வேறொரு தட்டின் எண்ணோடு ஒப்பிட்டே காலத்தைக் கணிக்கலாம். 1965-ஆம் ஆண்டுத் தட்டென்று சொல்லப்படுவதில் உள்ள எண், 1968-இல் வந்த தட்டின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அது பின்னாளில் அடித்தது.

'பெல் சவுண்ட்' என்ற முத்திரை நியூயார்க்கில் வெட்டியதைக் காட்டும். 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' தென் மாநிலத் தட்டுகளில் வரும். டெட்ராய்ட் தட்டுகள் பலவற்றில் ஏ.ஆர்.பி. என்ற முத்திரை இருக்கும். மிச்சிகனில் ஒவோசோ ஊரிலிருந்த அமெரிக்கன் ரெக்கார்டு பிரஸ்ஸிங் ஆலையின் குறி அது.

இப்போது இதே தட்டின் அசல் என்று உறுதியான ஒன்றின் ரன்-அவுட் விவரத்தை எடுத்து ஒப்பிடுங்கள். டிஸ்காக்ஸ், 45கேட் போன்ற தரவுத்தளங்களில் பெரும்பாலும் கிடைக்கும். அசலில் முத்திரை பதித்திருக்க, உங்கள் தட்டில் அதே எழுத்துகள் கையால் கீறியிருந்தால், அல்லது முத்திரையே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், விட்டுவிடுங்கள். எண்ணின் மேல் தாறுமாறாகக் கிறுக்கி அடித்திருந்தாலும் அப்படியே.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். 'கையால் கீறியிருந்தால் போலி' என்று பொது விதி போட்டுக்கொள்கிறார்கள். அது சரியல்ல. முக்கோண எண்களே கையால் கீறியவைதான். டெட்ராய்ட்டின் சின்னக் கம்பெனிகள் பலவும் எல்லாவற்றையும் கையால்தான் எழுதின. கேட்க வேண்டியது, இந்தத் தட்டின் அசலில் எப்படி இருந்தது என்பதுதான். கையெழுத்தின் சாய்வு, எண் தொடங்கும் இடம், கோட்டின் ஆழம் வரை பாருங்கள்.

இன்னொரு அளவும் உதவும். போலி அடிப்பவர் பாட்டைப் புதிதாக வெட்டியாக வேண்டும். அப்போது பள்ளங்களின் நெருக்கம் மாறும், பாட்டு முடியும் இடமும் மாறும். கடைசிப் பள்ளத்திலிருந்து லேபிள் விளிம்பு வரை வெர்னியரால் அளந்து பாருங்கள். அசலில் 12 மில்லிமீட்டர் இருந்து, கையிலுள்ளதில் 17 இருந்தால், இரண்டும் ஒரே வெட்டிலிருந்து வந்தவை அல்ல. நேராக மேலிருந்து எடுத்த புகைப்படத்திலேயே இதைக் கணக்கிடலாம். நடுத் துளை 38 மில்லிமீட்டர் என்று வைத்து விகிதம் பார்த்தால் போதும்.

கேள்வி: ஒரே தட்டு, இரண்டு பிரதிகள், இரண்டிலும் எழுத்துரு வேறு. ஒன்று போலியாகத்தானே இருக்க வேண்டும்?

அவசியமில்லை. கொஞ்சம் விற்ற பாட்டென்றால் கிழக்கு, நடுப்பகுதி, மேற்கு என்று இரண்டு மூன்று ஆலைகளில் ஒரே நேரத்தில் அடித்திருப்பார்கள். ஒவ்வோர் ஆலையும் தன் அச்சகத்தில் லேபிள் போட்டது. அட்லான்டிக் கம்பெனியின் தட்டுகளில் லேபிளிலேயே, மேட்ரிக்ஸ் எண்ணின் வாலில் ஆலைக் குறி இருக்கும். எம்.ஓ. என்றால் மோனார்க், எஸ்.பி. என்றால் பென்சில்வேனியாவின் ஸ்பெஷால்டி, பி.எல். என்றால் மெம்ஃபிஸின் பிளாஸ்டிக் புராடக்ட்ஸ். மூன்றும் அசலே. ஆனால் 200, 300 பிரதி மட்டும் அடித்த சின்னக் கம்பெனித் தட்டுக்கு இரண்டு வகை லேபிள் இருந்தால், அப்போது சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: அசல் என்றால் ஸ்டைரீன், போலி என்றால் வினைல் என்கிறார்களே?

பாதி உண்மை. இரண்டும் தட்டு செய்யும் பிளாஸ்டிக் வகைகள். ஆலை எது என்று தெரிந்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. மோனார்க் 60-களில் ஸ்டைரீனில் அடித்தது. அங்கு மட்டுமே அடித்த ஒரு பாட்டு வினைலில் வந்தால், அது அசல் அல்ல. ஆனால் வினைலில் அடித்த அசல்களும் எத்தனையோ உண்டு. 70-களில் அமெரிக்க மேற்குக் கரையிலேயே ஸ்டைரீனில் அடித்த போலிகளும் இருக்கின்றன.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தட்டை நடுத் துளையில் ஒரு விரலால் தொங்கவிட்டு, விளிம்பில் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். ஸ்டைரீன் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும், வினைல் அடங்கிய ஓசை தரும். ஸ்டைரீன் அச்சுக்குள் உருக்கிச் செலுத்தி வார்ப்பது. லேபிளைப் பிறகுதான் ஒட்டுவார்கள். அதனால் லேபிள் விளிம்பு நகத்தில் தட்டுப்படும், ஈரம் பட்டால் உரியும். வினைலில் லேபிளும் சேர்ந்தே அழுத்தப்படுவதால் தட்டோடு ஒன்றிக் கிடக்கும். வளைத்து மட்டும் பார்க்காதீர்கள், ஸ்டைரீன் வளையாது, விரிசல் விடும். கழுவும்போதும் ஸ்டைரீன் தட்டின் லேபிளில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேபிளில் எதைத்தான் பார்ப்பது?

நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அசல் லேபிளில் நிறம் தனி மையாகத் தட்டையாகப் பரவியிருக்கும். கம்பெனிப் பெயரும் சின்னமும் முன்கூட்டியே அச்சிட்ட லேபிளின் மேல், பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் கறுப்பு மையில் இன்னொரு முறை அச்சிடுவார்கள். அதனால் அந்த எழுத்துகள் சற்று ஏறி இறங்கி, சாய்ந்துகூட இருக்கலாம். போலியில் முழு லேபிளும் ஒரே படமாக அச்சாவதால், லென்ஸில் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரியும், எழுத்து விளிம்பில் நிறக் கசிவு தெரியும், சிறிய எழுத்துகளின் உள் இடைவெளி மையால் அடைந்திருக்கும். அடைப்புக்குறிகளையும் பாட்டெழுதியவர் பெயரையும் முதலில் பாருங்கள். கெடுவது அங்கேதான் தொடங்கும்.

காலப் பொருத்தத்துக்கு இரண்டு சோதனைகள் உண்டு. அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது 1963 ஜூலையில். 1962-ஆம் ஆண்டுத் தட்டின் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால், அந்த லேபிள் அந்த ஆண்டில் அச்சானதல்ல. அடுத்தது, வட்டத்துக்குள் பி எழுத்து. ஒலிப்பதிவுக்கான அந்த உரிமைக் குறி அமெரிக்கச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தது 1972 பிப்ரவரி 15-இல். 1966-ஆம் ஆண்டு அமெரிக்கத் தட்டில் அது அச்சாகியிருந்தால், தட்டு முறையான மறுவெளியீடாகவே இருக்கலாம், ஆனால் முதல் பதிப்பு அல்ல.

புற ஊதா விளக்கில் காகிதம் ஒளிர்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. அதை நம்பி மட்டும் பணம் கொடுக்காதீர்கள். வெண்மை கூட்டும் வேதிப்பொருள் 60-களிலேயே காகிதத்தில் கலந்துவிட்டது.

கேள்வி: ஒலியைக் கேட்டே சொல்ல முடியுமா?

நல்ல ஹெட்ஃபோனில் பல போலிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். 70-களில் போலி அடித்தவர்களிடம் அசல் டேப் இல்லை, கிடைத்த ஒரு தட்டை ஓடவிட்டுப் பதிந்து அதிலிருந்து வெட்டினார்கள். அந்த முதல் தட்டின் கீறல் சத்தமும் சேர்ந்தே பதிந்துவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஊசியை எடுத்து, அந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். பள்ளத்தில் கீறலோ தூசியோ இல்லாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சத்தம் வந்தால், அது உள்ளே பதிந்த சத்தம்.

தொடக்கத்தையும் முடிவையும் கவனியுங்கள். பாட்டுக்கு முன் அமைதி இருந்து, திடீரென்று கரகரப்பு எழுந்து, அரை நொடியில் பாட்டு தொடங்கினால், அந்தக் கரகரப்பு இன்னொரு தட்டினுடையது. முடிவில் பாட்டு முழுக்கத் தேய்ந்து அடங்குவதற்கு முன் கத்தரித்தாற்போல் நின்றாலும் அதே காரணம்தான்.

குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. வானொலி நிலையங்களில் புழங்கிய அசல் ஸ்டைரீன் தட்டுகளில் முதல் சில நொடிகள் 'ஸ்ஸ்' என்று இரைந்துவிட்டுப் பிறகு தெளியும். பாட்டைத் தயாராக வைக்க ஊசியோடு தட்டை முன்னும் பின்னும் ஆட்டியதால் வந்த தேய்மானம் அது. நிலையில் குறையாகக் கொண்டு விலையைக் குறைக்கக் கேளுங்கள். போலி என்று ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: பாடகர் பெயரே வேறாக இருக்கும் தட்டுகள் எந்த வகை?

போலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அசலை லேபிள் உட்பட நகல் செய்வது. இன்னொன்று, பாட்டை மட்டும் திருடி, இல்லாத கம்பெனிப் பெயரில், சில நேரம் வேறு பாடகர் பெயரில் விடுவது. இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ'. 1965-இல் மோடவுன் நிறுவனத்தின் 'சோல்' என்ற வெளியீட்டுப் பிரிவுக்காக அடித்து, வெளியிடாமலே விட்ட தட்டு. எஞ்சிய பிரதிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 2009-இல் ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் போனது. 70-களில் விகனில் ஆடியவர்கள் இதை எட்டி ஃபாஸ்டர் என்ற பெயரில் அடித்த போலித் தட்டில்தான் வாங்கினார்கள். 1979-இல் இங்கிலாந்தில் டாம்லா மோடவுன் (மோடவுனின் பிரிட்டிஷ் பெயர்) முறையாக வெளியிட்டது. அந்த 1979 தட்டு நேர்மையான பொருள், கேட்பதற்காக வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. 1965 எண்ணோடு, 1965 லேபிளோடு ஒன்று உங்களைத் தேடி வந்தால், அது போலி என்றே தொடங்குங்கள்.

கேள்வி: வெள்ளை லேபிள், டெஸ்ட் பிரஸ்ஸிங், அசெட்டேட்?

டெஸ்ட் பிரஸ்ஸிங் என்பது சோதனைக்காக முதலில் அடிக்கும் பிரதி. ஒன்றும் அச்சிடாத வெள்ளை லேபிளைவிட எளிதான போலி கிடையாது. ஒப்பிட லேபிள் இல்லாததால் ரன்-அவுட் முழுதாகப் பொருந்தினால் மட்டும் பணம் கொடுங்கள். அசெட்டேட் என்பது அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூசி ஒவ்வொன்றாக வெட்டுவது. ஓடவிடும் ஒவ்வொரு முறையும் தேயும். பழைய ஸ்டூடியோ லேபிள் ஒட்டியிருப்பதால் மட்டும் அது பழையதாகிவிடாது.

கேள்வி: இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்பது?

மூன்று வகைப் படங்கள் கேளுங்கள். இரு பக்க லேபிளும் நேராக மேலிருந்து, முழுத் தட்டோடு. இரு பக்க ரன்-அவுட்டும் சாய்ந்த வெளிச்சத்தில். விளிம்பு பக்கவாட்டில். அத்துடன் எழுத்தில் ஒரே ஒரு கேள்வி: 'இது அந்த ஆண்டின் முதல் பதிப்புதானா? இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தருவீர்களா?' 'நான் பார்த்தவரை அசல்', 'பழைய சேகரிப்பிலிருந்து வந்தது', 'எனக்கு சோல் பற்றித் தெரியாது' என்பவை பதில் அல்ல. ரன்-அவுட் படம் தர மறுத்தால் விலகிவிடுங்கள், வேறு பிரதி வரும்.

விலையையும் பாருங்கள். 400 பவுண்டுக்குப் போகும் தட்டு 60-க்கு வந்தால், விற்பவருக்கு விலை தெரியாது என்று நினைக்கத் தோன்றும். தேடுபொறி எல்லார் கையிலும் இருக்கும்போது அது அபூர்வம்.

பணம் அனுப்பும்போது பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்ற வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. பொருளுக்கான கட்டணமாகச் செலுத்தினால் குறித்த காலத்துக்குள் முறையிடலாம். இபேயில் அவகாசம் 30 நாள்தான். தட்டு வந்த அன்றே உறையைப் பிரிப்பதிலிருந்து படமெடுத்து, அந்த வாரமே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டேன், இப்போதுதான் போலி என்று தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் விற்பவருக்கு எழுதுங்கள். குற்றம் சாட்டாமல், அசலின் ரன்-அவுட் படத்தையும் உங்களுடையதையும் அருகருகே வைத்து அனுப்புங்கள். பல விற்பனையாளர்கள் தாமும் அறியாமல் வாங்கியவர்களே, படத்தைப் பார்த்ததும் பணத்தைத் திருப்புவார்கள். மறுத்தால் அதே படங்களோடு முறையீடு பதிவு செய்யுங்கள். 'விவரித்தபடி இல்லை' என்ற பிரிவில் போடுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்ற பொருள் வரும்படி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

காலம் கடந்துவிட்டால் தட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள், பாட்டு பாட்டுதான். உள்ளுறையில் பென்சிலால் 'போலி' என்றும் எதை வைத்துக் கண்டீர்கள் என்றும் எழுதிவையுங்கள். டிஸ்காக்ஸில் அதிகாரப்பூர்வமற்ற பதிப்பு என்று குறித்தவற்றை விற்க முடியாது. வேறு வழியில் அசல் என்று தள்ளிவிடப் பார்ப்பது, உங்களுக்கு நடந்ததை இன்னொருவருக்குச் செய்வது.